நீருக்கடியில் இருக்கும் பாதிப் படகு

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே சோலன்ட் என்ற நீரிணை கிடக்கிறது. சில கிலோமீட்டர் அகலம்தான். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து 10 மீட்டர் நீளப் பாய்மரப் படகொன்றை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை போர்ட்ஸ்மத்தில் கிளம்பி, தீவின் மேற்குப் பகுதியிலுள்ள யார்மத் துறையில் இரவு தங்கி, ஞாயிறன்று திரும்புவது அந்தக் கரையில் வெகு சாதாரணமான வாரயிறுதி. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. யார்மத் இருப்பதும் போர்ட்ஸ்மத்துக்கு ஏறக்குறைய அதே திசையில். ஆக, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவே, காற்றை மட்டும் வைத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். போய்ச் சேருகிறார்கள். இந்தச் சாமர்த்தியத்தைப் பாயின் கணக்கில் எழுதுவதே வழக்கம். அதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் இருக்கும் ஏராவுக்குச் சேர வேண்டியது என்பேன்.

படகின் அடியிலிருந்து ஆழத்துக்கு இறங்கி நிற்கும் கனத்த தகடுதான் ஏரா. காற்றை நோக்கிச் சாய்கோணத்தில் போகும்போது பாய் காற்றை முட்டி நிறுத்துவதில்லை, வளைத்து அனுப்புகிறது. விமானச் சிறகில் நடப்பதே இங்கும் நடக்கிறது. பாயின் வெளிவளைவில் அழுத்தம் குறைய, துணி அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. பாயில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல் துண்டுகள் இரண்டு பக்கமும் படிந்து பின்னோக்கி ஓடினால் கோணம் சரி. உள்பக்க நூல் துள்ளினால் படகு காற்றுக்கு மிக நெருங்கிவிட்டது என்று சுக்கான் பிடிப்பவருக்குத் தெரியும். ஆனால் நூல்கள் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும், பாயில் பிறக்கும் விசையில் பெரும்பங்கு படகைப் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. முன்னால் இழுப்பது சிறுபங்கே. ஏரா இல்லையென்றால் படகு நண்டுபோல ஒதுங்கிக்கொண்டே போய்விடும். ஏரா இருப்பதால் அந்த ஒதுக்கம் நான்கைந்து டிகிரியோடு நின்றுவிடுகிறது. அந்தச் சிறு கோணத்தில் நீரைச் சந்திக்கும் தகடு, தானும் ஒரு சிறகாகி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டு பக்கவாட்டு விசைகளும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சும் சிறுபங்கு படகை முன்னே கொண்டுபோகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கொண்டது. அதனால்தான் 50 சதுர மீட்டர் பாய்க்கு ஈடாக நிற்க, சில சதுர மீட்டர் ஏராவே போதுமானதாக இருக்கிறது.

இன்னொரு வேலையும் அதற்குண்டு. இத்தகைய படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல், ஏராவில் வார்த்த ஈயமோ இரும்போதான். காற்று சாய்க்கச் சாய்க்க, இந்தப் பாரம் நிமிர்த்தும் விசை கூடிக்கொண்டே போகும். அப்படியும் காற்றுக்கு நேராகப் போக முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாகப் பாயை மாற்றி மாற்றிப் போடவேண்டும். 10 கடல் மைல் தொலைவுக்கு 14 கடல் மைல் ஓட வேண்டியிருக்கும்.

ஏராவின் பெருமைக்குச் சான்று வேண்டுமானால், இதே தீவில் தொடங்கிய போட்டியிலேயே இருக்கிறது. 1851 ஆகஸ்டில் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு வென்றது. அமெரிக்கா கோப்பை அப்படித்தான் பிறந்தது. பின்பு 132 ஆண்டுகள் அமெரிக்கர்கள் அதை விட்டுக்கொடுக்கவேயில்லை. 1983இல் நியூபோர்ட்டில் அதைப் பறித்த 'ஆஸ்திரேலியா 2', கரையேறும்போதெல்லாம் மறைத்துவைத்தது பாயை அல்ல, ஏராவை. பென் லெக்ஸன் வடிவமைத்த அந்த ஏராவின் அடியில் இரண்டு சிறகுகள் இருந்தன. அது விதிக்கு உட்பட்டதுதானா என்று போட்டிக்கு முன்பே பெரிய சர்ச்சை நடந்தது. நல்ல மாலுமிகளும் நல்ல பாய்களும் சேர்ந்தே வென்றார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் எதிராளிகள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஏரா இல்லாத படகுகளும் காற்றை எதிர்த்து ஓடுகின்றனவே என்று கேட்கலாம். டச்சுக்காரர்களின் தட்டையடிப் படகுகளுக்கு ஏரா கிடையாது. ஆனால் அவற்றின் இரு பக்கமும் பெரிய பலகைகள் தொங்குகின்றன. பாய் சாயும் பக்கத்துப் பலகையை நீரில் இறக்கிவிட்டுத்தான் ஓடுகிறார்கள். 2013 முதல் அமெரிக்கா கோப்பையில் ஓடும் படகுகள் நீருக்கு மேலேயே பறக்கின்றன. அவற்றையும் தாங்குவது நீருக்குள் இறங்கிய தகடுகளே. உருவம் மாறினாலும், நீரைப் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று கீழே இருந்தாக வேண்டும்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. ஏரா இறங்கும் ஆழம் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். சோலன்ட் நடுவே பிராம்பிள் என்ற மணல்திட்டு உண்டு. நீர் மிகத் தாழும் நாளொன்றில் ஆண்டுதோறும் அதன்மேல் கிரிக்கெட்டே ஆடுகிறார்கள். நீர் வற்றும்போது ஒற்றை ஏராப் படகு அங்கே தட்டினால் பக்கவாட்டில் விழுந்து கிடக்க வேண்டியதுதான். இதற்காகவே இங்கிலாந்தில் இரட்டை ஏராப் படகுகள் கட்டினார்கள். சேற்றில் இரண்டு கால்களும் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். பதிலுக்குக் காற்றை எதிர்த்து ஏறும் திறனில் கொஞ்சம் இழக்கும். ஆழம் குறைந்த துறைகளுக்குப் போகிறவர்களுக்கு இது நியாயமான பேரம்.

எஞ்சின் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்றால், அந்தப் படகுகளிலும் சிறு எஞ்சின் உண்டு. துறைக்குள் நுழைய அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் எஞ்சினும் தப்ப முடியாத ஒன்று சோலன்டில் இருக்கிறது. மேற்குவாயில் ஹர்ஸ்ட் முனையருகே நீர் நான்கு நாட் வேகத்துக்குக் குறையாமல் பாயும் நாட்கள் உண்டு. ஆறு நாட் ஓடும் படகு அதை எதிர்த்தால் மிஞ்சுவது இரண்டு. ஆகவே சனிக்கிழமைப் பயணத்தைக் காற்றைவிட ஓதமே தீர்மானிக்கிறது. போர்ட்ஸ்மத்தில் முழு ஏற்றத்தை ஒட்டிக் கிளம்பினால், மேற்கே ஓடும் நீர் படகைத் தூக்கிக்கொண்டு காற்றின் முகத்துக்கே கொண்டுபோகும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக வருவதால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழும்பி நனைக்கும். ஆனால் தூரம் குறையும். ஞாயிறன்று காற்று பின்னாலிருந்து வரும். ஒதுக்கத்தைத் தடுக்கும் வேலை ஏராவுக்கு அநேகமாக இல்லை, பாரமாகக் கீழே இருந்தால் போதும். அன்றும் கிழக்கோட்டம் தொடங்கும்வரை யார்மத்தில் காத்திருந்துவிட்டே கயிற்றை அவிழ்க்கிறார்கள்.