செத்தது யாரு மாமா?

காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம். "எந்த ஊரு?" என்று கேட்ட ரூம்மேட்டிடம், "கோவில்பட்டி பக்கத்துல இடைசெவல்" என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது. "உங்க ஊர்ப் பக்கம் எல்லார் வீட்லயும் அருவா இருக்குமாமே?"

இருக்கும். எங்கள் வீட்டில் மூன்று இருந்தன. கதிர் அறுக்க அம்மாவின் பன்னருவாள். விறகுக்குக் கருவேலம் வெட்ட அப்பாவின் வெட்டருவாள். ஆட்டுக்குக் குழை பறிக்க, கம்பு நுனியில் கட்டிய தாத்தாவின் தொரட்டி. மூன்றும் கரிசல் காட்டில் உழைத்துத் தேய்ந்தவை. ஆனால், அந்த ரூம்மேட் பார்த்ததெல்லாம் சினிமா அருவாள். சுமோவில் பத்துப் பேர் வந்து இறங்கி, மண்ணில் தேய்த்துத் தீப்பொறி பறக்கவிடுவார்களே, அது!

இப்போது அந்த அருவாளுக்கு மவுசு குறைந்துவிட்டது. இடத்தைப் பிடித்திருப்பது கோட்டு சூட்டும் சைலன்ஸர் துப்பாக்கியும். போன தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் மொபைலில் அப்படி ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கூலிக் கொலையாளிகள், ஒரே ஆளைக் கொல்ல இருவரும் கூலி வாங்கியிருக்கிறார்கள். யார் முந்துவது என்பதுதான் கதை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்திருந்தது. ஐந்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் சரிந்தார்கள். பையன் சாதாரணமாகத் திரும்பிக் கேட்டான்.

"இப்ப செத்தது யாரு மாமா?"

எனக்குத் தெரியவில்லை. இயக்குநருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

தொப்பியும் கோட்டும்

இந்த வகைப் படங்களுக்கு ஒரு மூதாதை உண்டு. 1967-ல் பிரெஞ்சு இயக்குநர் ழான் பியர் மெல்வில் எடுத்த 'லு சாமுராய்'. ஆலன் டெலோன் தொப்பியைச் சரிசெய்யும் அழகே தனி. பேச்சு குறைவு, அறையில் கூண்டுக்குள் ஒரு பறவை, வேலையில் சுத்தம். வேலை கொடுத்தவர்களே அவனைத் தீர்த்துக்கட்ட ஆள் அனுப்புவார்கள். அந்த முடிச்சைத்தான் இன்றுவரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறார்கள்.

மெல்விலின் ரசிகரான ஹாங்காங் ஜான் வூ, 1989-ல் 'தி கில்லர்' எடுத்தார். சண்டையில் தவறுதலாக ஒரு பாடகியின் பார்வையைப் பறித்துவிடும் கொலையாளி, அவளுடைய ஆபரேஷன் செலவுக்காகக் கடைசியாக ஒரு வேலையை ஒப்புக்கொள்வான். 2001-ல் வந்த 'ஃபுல்டைம் கில்லர்' நேரடிப் போட்டிக் கதை. ஒருவன் தொழிலில் நம்பர் ஒன், இன்னொருவனுக்கு அந்த இடம் வேண்டும்.

2014-ல் 'ஜான் விக்' வந்தது. நாய்க்குட்டியைக் கொன்றதற்காக ஒரு கூட்டத்தையே அழிக்கும் கதை. அதில் நாய்க்குட்டிக்கு டெய்சி என்று பெயர் உண்டு. குண்டடிபட்டு விழும் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது.

நம்மூர் ஓநாய்

தமிழில் 2006-ல் விஷ்ணுவர்தன் இயக்கிய 'பட்டியல்' கூலிக் கொலையாளிகள் இருவரின் நட்பைச் சொன்னது. ஆர்யாவும், காது கேளாத, வாய் பேச முடியாதவராக வந்த பரத்தும் மனதில் நின்றார்கள்.

ஆனால், பையனின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன படம் 2013-ல் மிஷ்கின் இயக்கி நடித்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்'. பாட்டே கிடையாது, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும்தான். கூலிக்குக் கொலை செய்பவன், தவறுதலாக ஓர் அப்பாவி இளைஞனைக் கொன்றுவிடுகிறான். செத்தது யார் என்று தேடிப் போனால், அங்கே பார்வையற்ற ஒரு குடும்பம். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அவன்தான் பிள்ளை. போலீஸும் பழைய முதலாளியின் ஆட்களும் துரத்த, அவர்களைக் காப்பாற்ற ஓடுகிறான்.

கல்லறைத் தோட்டத்தில் அவன் ஒரு குழந்தைக்குக் கதை சொல்வான். ஒரு காட்டுல ஓநாய், ஆட்டுக்குட்டி என்று குழந்தைக் கதை போலவே போகும் அது. அவன் செய்த பாவத்தின் வாக்குமூலம் அதுதான். அந்த இடத்தில் துப்பாக்கிச் சத்தம் எதுவும் இல்லை. அந்தப் படத்தில் என்னை அதிகம் உலுக்கிய இடமும் அதுதான்.

கரிசல் சொன்ன கொலைக் கதைகள்

கதைக்குள் கதை சொல்வது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1923-ல் இடைசெவலில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கி.ராஜநாராயணன், இன்னொருவர் கு.அழகிரிசாமி. இருவருமே சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள். ஒரு சின்ன கிராமத்துக்கு இது பெரிய கொடுப்பினை.

கி.ரா. 1976-ல் வெளியிட்ட 'கோபல்ல கிராம'த்திலும் ஒரு கொலை வருகிறது. நகைக்கு ஆசைப்பட்டு ஒரு கர்ப்பிணியைத் திருடன் கொன்றுவிடுகிறான். ஊரே கூடிவிடுகிறது, அவனைக் கழுவேற்றுகிறது. ஒரு சாவு ஒரு கிராமத்தையே நிலைகுலைய வைக்கிறது.

கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர் பூமணி. 1982-ல் வந்த அவருடைய 'வெக்கை'யைத்தான் வெற்றிமாறன் 2019-ல் 'அசுரன்' ஆக்கினார். அண்ணனைக் கொன்றவனை ஒரு பையன் வெட்டிவிட்டு ஓடுகிறான். வெட்டு ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். மிச்ச நாவல் முழுக்கப் பசி, தாகம், பதுங்கல், தூக்கமின்மை. கூடவே நடக்கிற அப்பா. கடைசியில் சரணடைய கோர்ட்டை நோக்கிப் போகிறார்கள். ஒரு வெட்டின் பாரம் என்ன என்பதை எனக்கு இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய புத்தகம் வேறில்லை.

கரிசலை வைத்து எத்தனையோ பேர் அருவாள் படம் எடுத்தார்கள். கரிசலில் பிறந்தவர்கள் எழுதியபோது, வெட்டியவனைவிட வெட்டுக்குப் பிறகு நடப்பதுதான் கதையானது.

தடுக்கவா, பேசவா?

அப்படியானால், பிள்ளைகளை இந்தப் படங்களைப் பார்க்கவே விடக் கூடாதா? வயதுக்கு மீறியதைத் தடுக்க வழி இருக்கிறது. 2023-ம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டர் படங்களுக்கு யு/ஏ சான்றிதழிலேயே 7+, 13+, 16+ என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். ஓ.டி.டி. தளங்களிலும் வயதுக் குறியீடு உண்டு. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்பது விதி. செட்டிங்ஸுக்குள் போய் ஒரு பின் நம்பர் போட்டால் போதும். நம்மில் எத்தனை பேர் போட்டிருக்கிறோம்?

பூட்டு மட்டும் போதாது. பக்கத்து வீட்டு மொபைலுக்கு யார் பூட்டுப் போடுவது? அருவாளோடு ரீல்ஸ் போட்டுவிட்டு, ஸ்டேஷனில் தலைகுனிந்து நிற்கும் பையன்களைப் பற்றி அடிக்கடி செய்தி படிக்கிறோம். அவர்களும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளைகள்தான். அதனால், பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்டைலை ரசியுங்கள், தப்பில்லை. சண்டை முடிந்ததும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். "செத்தது யாரு? அவரை எதிர்பார்த்து வீட்ல யாரு இருப்பாங்க?"

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகன் இன்னொரு படத்தில் மூழ்கியிருந்தான். லிஃப்ட் பக்கத்தில் ஒரு வாட்ச்மேன் சுடப்பட்டு விழுந்தார். பையன் பாஸ் பண்ணினான்.

"மாமா, இவரு எந்தக் கேங்கும் இல்ல. சும்மா வேலைக்கு வந்தவரு. இவரை எதுக்குச் சுட்டாங்க?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால், இந்த முறை அவனே மொபைலைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் திருடன் கதையைத் திரும்பச் சொல்லுங்க" என்றான்.