எல்லை நிலம் – 11: ஏழில் ஒரு பங்கு

1791-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கனடாவுக்கென்று ஒரு சட்டம் போட்டது. அங்கே குடியேறுகிறவர்களுக்கு அரசு நிலம் கொடுக்கும்போதெல்லாம், அதன் மதிப்பில் ஏழில் ஒரு பங்குக்கு ஈடான நிலத்தைப் புராட்டஸ்டன்ட் குருமாரின் பராமரிப்புக்காக ஒதுக்கி வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மறு வருஷமே, 1792-ல், ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கிருஷ்ணகிரி அதில் அடக்கம். ஓசூர்ப் பீடபூமி திப்பு மாண்ட 1799-க்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அங்கும் இங்கும் அதே ராஜா, அதே மதம். ஆனால் இங்கே எந்தச் சபைக்கும் ஏழில் ஒரு பங்கு ஒதுக்கவில்லை. எழுபதில் ஒரு பங்குகூட ஒதுக்கவில்லை.

ஓசூரில் சென்ட் கணக்கில் நிலம் விற்கிற இந்த நாளில், "சர்ச்சு நிலமெல்லாம் வெள்ளைக்காரன் சும்மா எழுதிக் கொடுத்துட்டுப் போனதுதானே" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். வெள்ளைக்காரன் சும்மா எழுதிக் கொடுத்த ஊர்கள் இருந்தன. அவை நம் ஊர்கள் அல்ல என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

முதலில் கனடாவைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு ஊர்ப் பிரிவிலும் சபை நிலம் சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டம்போல ஆங்காங்கே சிதறிக் கிடந்தது. மேல் கனடாவில் மட்டும் ஏறக்குறைய 24 லட்சம் ஏக்கர். உழ ஆளில்லை, குத்தகைக்கு எடுக்கவும் ஆளில்லை. பக்கத்து நிலத்தைத் திருத்திக் குடியிருந்தவன் தன் வீட்டுக்குப் பாதை போட முடியாமல், நடுவில் கிடந்த சபைக் காட்டைத் திட்டிக்கொண்டிருந்தான். 'புராட்டஸ்டன்ட்' என்றால் எங்களை மட்டும்தான் குறிக்கும் என்றது ஆங்கிலிக்கன் சபை. எங்களுக்கும் பங்கு உண்டு என்றது ஸ்காட்லாந்துச் சபை. இரண்டிலும் சேராத மெதடிஸ்டுகளுக்கு வயிறு எரிந்தது. 1837-ல் அங்கே வெடித்த கலகத்துக்கு இந்த நிலமும் ஒரு காரணம். கடைசியில் 1854-ல் எல்லாவற்றையும் சபையின் பிடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1826-ல் இதே ஏழில் ஒரு பங்குக்கு ஒரு கழகமே அமைத்தார்கள். அது 1833-ல் கலைக்கப்பட்டது.

அந்த நியூ சவுத் வேல்ஸில் நிலம் 'காலி' என்று அரசு எழுதிக்கொண்டது. அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த பூர்வகுடிகளை அந்தக் கணக்கு மனிதர்களாகவே சேர்க்கவில்லை. பாராமகாலில் அப்படி எழுத வழியில்லை. சென்ற வாரம் பார்த்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்கள் மன்றோ, கிரகாம், மெக்லியட் ஆகியோரும் வயல் வயலாக அளந்து, உழுகிறவன் பெயரை எழுதி, தீர்வை விதித்தார்கள். உழுகிறவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி பிறந்த மண் இது. சிப்பாயின் சம்பளமும் பீரங்கியின் மருந்தும் அந்தத் தீர்வையிலிருந்துதான் வந்தன. அதில் ஒரு பங்கைக் குருமாருக்கு விட்டுக்கொடுத்தால் கம்பெனியின் கஜானாவில் ஓட்டை விழும். கோயிலுக்கும் மசூதிக்கும் முந்தைய ஆட்சிகள் விட்டிருந்த மானியங்களைத் தொடரவிடுவதற்கே கணக்குப் பார்த்தவர்கள், புதிதாக ஒரு மானியத்தை உண்டாக்குவார்களா?

இன்னொன்றும் உண்டு. கம்பெனிக்குப் பாதிரியார்களைப் பிடிக்காது. வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம். 1813-ல் பாராளுமன்றம் வற்புறுத்திய பிறகுதான் மிஷனரிகளுக்குக் கதவு திறந்தது. அப்போதும் 1833 வரை லைசென்ஸ் வேண்டியிருந்தது. பட்டாளத்துக்கும் அதிகாரிகளுக்கும் ஜெபம் நடத்த கம்பெனி குருமாரை வைத்திருந்தது உண்மை. அவர்களுக்குக் கொடுத்தது மாதச் சம்பளம், நிலமல்ல. கம்பெனி இந்தப் பக்கம் தாராளமாக நிலம் ஒதுக்கியது ஒரே ஒரு ஜீவனுக்கு. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், 1824-ல் ராணுவக் குதிரைப் பண்ணையாகத் தொடங்கியது. குதிரைக்குக் கிடைத்தது குருவானவருக்குக் கிடைக்கவில்லை.

அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பணிக்குத் தாராளமாகக் கொடுத்தவர் ஓர் இந்து மன்னர். ஸ்வார்ட்ஸ் பாதிரியார் வளர்த்த அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு கிராமத்தின் வருமானத்தையே எழுதி வைத்தார் தஞ்சையின் துளஜா. மற்ற இடங்களில் விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். நெல்லைச் சீமையில் 1799-ல் கிறிஸ்தவ ஊராக முதலூர் எழுந்ததும், 1814-ல் சாயர் என்ற வியாபாரி வாங்கிய நிலத்தில் சாயர்புரம் எழுந்ததும் கிரயத்தால்தான்.

நம் கிருஷ்ணகிரிக்கு வருவோம். 1895-ல் இங்கே வந்திறங்கினார் தியோடர் நேதர். அனுப்பியது அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை. அந்தச் சபை அயல்நாட்டுக்கு அனுப்பிய முதல் மிஷன் இதுதான். சபை பிறந்த கதையும் ருசியானது. சாக்சனியில் அரசின் கைக்குள் இருந்த சபையோடு ஒத்துப்போக முடியாமல் 1838-ல் கப்பலேறிய ஜெர்மானியர்கள் அதற்கு விதை போட்டவர்கள். அரசின் கைக்குள் இருந்த சபையை விட்டுக் கண்டம் தாண்டியவர்களின் வாரிசுகள், மானியமே தராத ஓர் அரசின் சீமைக்கு வந்து சேர்ந்தார்கள். 1904-ல் பிளேக் நோய் நேதரைக் கொண்டுபோனது. அவர் தொடங்கிய பணி இன்று இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையாக நிற்கிறது.

இப்படி வந்தவர்களுக்கு நிலம் கிடைக்க இரண்டு வழிகள். ஒன்று, பட்டாதாரரிடம் கிரயம். மற்றொன்று, தரிசோ புறம்போக்கோ கேட்டுத் தாசில்தாரிடம் தர்க்காஸ்து போடுவது. இரண்டாவது வழியில் தேவாலயத்துக்கோ பள்ளிக்கோ கல்லறைத் தோட்டத்துக்கோ சில சென்ட் கிடைக்கும். ஆனால் வருவாய் வாரிய நிலையாணைகளின் நிபந்தனைகள் கூடவே வரும். கேட்ட காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும். தவறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். நேதர் வந்த அதே 1895-ல் இந்த நிபந்தனைகளுக்கு எஃகு வேலியும் போட்டார்கள். அரசு கொடுத்த நிலத்தின் நிபந்தனைகள், மற்ற எந்தச் சட்டம் குறுக்கே நின்றாலும், எழுதியபடியே செல்லும் என்றது அந்த ஆண்டின் அரசு மானியச் சட்டம். கனடாவில் நிலம் குருவானவரைப் போஷிக்க ஒதுக்கப்பட்டது. இங்கே கிடைத்தது சுவர் எழுப்ப மட்டுமே. அதில் விளைந்து வருமானம் வந்தால் அதுவே நிபந்தனை மீறல்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1892-ல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கிய பஞ்சமி ஆணை வந்ததையும் இங்கே நினைக்கலாம். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பக்கபலமாக ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் குரல் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்கும் இதே மாதிரி ஒரு நிபந்தனை: கைமாற்றத் தடை. நிபந்தனையோடு கொடுப்பது அந்தக் கால அரசின் கைவந்த கலை.

1970-களில் ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வரிசை கட்டின. அன்று ஊருக்கு வெளியே கல்லறைக்கென்று கொடுத்த தரிசு, இன்று ஊரின் நடுவில் இருக்கிறது. 'விற்றுவிட்டு வேறு இடத்தில் பெரிதாகக் கட்டலாம்' என்று ஒரு கட்சி, 'கைவைக்கக் கூடாது' என்று எதிர்க்கட்சி, பல சபைகளில் இதுதான் கதை. நியூயார்க்கின் டிரினிட்டி சபைக்கு 1705-ல் ஆன் அரசி கொடுத்த 215 ஏக்கர் பண்ணை நிலம்தான் இன்றும் அதைப் பணக்காரச் சபையாக வைத்திருக்கிறது என்று அவர்களில் யாராவது உதாரணம் காட்டலாம். ஆனால் அந்த நிலம் கொடுக்கப்பட்டதே வருமானத்துக்கு.

இங்கே எந்த ஏக்கர் எந்த வழியில் வந்தது என்று பார்க்காமல் வாதாடுவதில் பயனில்லை. கிரயப் பத்திரம் இருந்தால் அது அறக்கட்டளைச் சொத்து. குருவானவரோ கமிட்டியோ அதன் முதலாளி அல்ல. குஜராத்தில் ஒரு சபை வேறொரு சபையோடு இணைந்த வழக்கில், தீர்மானம் போட்டுவிட்டால் மட்டும் அறக்கட்டளைச் சொத்து கைமாறிவிடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொது அறக்கட்டளையில் தவறு நடந்தால், அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு இடம் தருகிறது. அரசு ஒப்படைத்த நிலமானால் கதை வேறு. விற்றவர், வாங்கியவர் இருவரையும் தாண்டி, மூன்றாவது ஆளாக அரசே வந்து நிற்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் குறிப்புப் பத்தியைப் பாருங்கள். பழைய ஒப்படை உத்தரவு எண் ஏதாவது அங்கே இருந்தால், ரியல் எஸ்டேட் தரகரோடு பேசுவதற்கு முன்னால் அந்த உத்தரவின் நகலுக்கு மனுப் போடுங்கள்.

அடுத்த வாரம்: சிப்காட்டுக்கு நிலம் எடுத்த கதை.