பின்புறத்தில் ஒரு ரேடியேட்டர்

புக்கிட் தெங்காவில் பேருந்துக்காகக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? ரேப்பிட் பினாங்கு பேருந்து புறப்படும்போது, அதன் பின்பகுதியிலிருந்து வெப்பக் காற்று நம்மீது வீசும். அப்பேருந்தின் இயந்திரம் பின்னால் உள்ளது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் ரேடியேட்டரும் பின்னால்தான் உள்ளது. ஆனால், நம் வீட்டு மகிழுந்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் முன்புறத்திலேயே இருக்கும். இயந்திரத்தை முன்னால் விட்டுவிட்டு, ரேடியேட்டரை மட்டும் பின்னால் கொண்டு சென்றால் என்ன ஆகும்?

முதலில், ரேடியேட்டரின் பணியை அறிவோம். பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வண்டியை நகர்த்தும் வேலைக்குப் பயன்படுகிறது. ஏறக்குறைய அதே அளவு ஆற்றல் புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி இயந்திரத்தின் உலோகத்தைச் சூடாக்குகிறது. அந்த வெப்பத்தைக் குளிர்விக்கும் நீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களின் வழியாக அது ஓடும்போது, வெப்பம் காற்றில் கலக்கிறது. 1900ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், 8,070 சிறு குழாய்களைத் தேன்கூடு போல அடுக்கி மெர்சிடிஸ் மகிழுந்துக்கு ஒரு ரேடியேட்டரை வடிவமைத்தார். இன்றைய ரேடியேட்டர்களுக்கு அதுவே முன்னோடி.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பழைய மகிழுந்துகளை வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி, வேகமாக ஓடும்படி மாற்றியமைக்கும் பழக்கம் 1930களில் பரவியது. அத்தகைய வண்டிகள் ‘ஹாட் ராட்’ எனப் பெயர் பெற்றன. அவற்றுள் சிலவற்றில், முன்புறத்தில் இடம் போதாமையாலோ எடையைச் சமன்படுத்தவோ ரேடியேட்டரைப் பின்னால் பொருத்துவர். ஆவ்டி நிறுவனமும் 1985இல் தன் ‘ஸ்போர்ட் குவாட்ரோ எஸ்1 இ2’ பந்தய மகிழுந்தில் இதையே செய்தது. அவ்வண்டியின் முன்பகுதி மிகுந்த எடை கொண்டிருந்தது. ரேடியேட்டரைப் பின்னால் மாற்றியதால் முன்புற எடை குறைந்தது.

ஆயினும், இம்மாற்றம் மூன்று சிக்கல்களை உண்டாக்குகிறது.

முதலாவது, காற்று. வண்டி ஓடும்போது முன்புறத்தில் காற்று தானே வந்து மோதும். பின்புறத்தில் அவ்வாறு மோதாது. எனவே, பக்கவாட்டில் துளைகள் அமைத்து, காற்றுப் பாதையின் வழியாகக் காற்றை ரேடியேட்டருக்குக் கொண்டுவர வேண்டும். ஆற்றல்மிக்க மின்விசிறிகளும் தேவை. சூடான காற்று வெளியேறவும் தனி வழி வேண்டும். ஒரே ஒரு சன்னல் திறந்திருக்கும் அறையில் காற்றோட்டம் இராது. எதிர்ச்சன்னலையும் திறந்தால்தான் காற்று ஓடும். இங்கும் அப்படித்தான்.

நம் நாட்டின் தட்பவெப்பத்தையும் மறக்கக்கூடாது. குளிர்விக்கும் நீர் 95 பாகை செல்சியசில் இருப்பதாகக் கொள்வோம். வெளிக்காற்று 15 பாகையாக இருக்கும் நாட்டில் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு 80 பாகை. 33 பாகை வெயிலில் அது 62 பாகையாகக் குறைகிறது. அதனால், அதே ரேடியேட்டர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். பினாங்கு பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது விசிறி ஒன்றே துணை.

இரண்டாவது, தொலைவு. நீர், வண்டியின் அடிப்பகுதி வழியாகப் பின்னால் சென்று திரும்ப இரண்டு நீண்ட குழாய்கள் வேண்டும். அவை குறுகலாக இருந்தால் நீரோட்டம் தடைபடும். ஆகவே, அகலமான உலோகக் குழாய்களே ஏற்றவை. இயந்திரம் அதிர்வதால், அதனுடன் இணையும் முனைகளில் ரப்பர்க் குழாய்களைப் பொருத்த வேண்டும். புகைக்குழாயின் அருகே இவை செல்லக்கூடாது. சென்றால் குளிர்ந்து திரும்பும் நீர் மீண்டும் சூடாகும்.

மூன்றாவது, காற்றுக் குமிழி. நீரில் சிக்கிய காற்று எப்போதும் மேலெழுந்து உயரமான இடத்தில் தங்கும். குமிழி தங்கிய இடத்தில் நீர் உலோகத்தைத் தொடாது. அவ்விடம் அளவுக்கு மீறிச் சூடாகும். வெப்பமானியின் உணரி அக்குமிழிக்குள் இருந்தால், ஆபத்தைச் சரியாகக் காட்டாமலும் போகலாம். எனவே, நீர் நிரப்பும் தொட்டியை முழு அமைப்பிலும் மிக உயரமான இடத்தில் வைத்து, காற்றை வெளியேற்றும் திருகுகளையும் பொருத்துவர்.

எல்லாவற்றினும் மேலானது பாதுகாப்பு. ரேடியேட்டரின் மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. அதனால், நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறையும். நீர் அந்நொடியே கொதித்து நீராவியாய்ச் சீறும். முகமும் கைகளும் வெந்துபோகும். பின்புற ரேடியேட்டர் பயணிகளுக்கு அருகில் இருப்பதால், இடையே உறுதியான உலோகத் தடுப்புச் சுவர் அவசியம். வெந்நீர்க் குழாய்கள் பயணிகள் அமரும் பகுதிக்குள் செல்லாதிருப்பது நலம். மேலும், மலேசியாவில் வாகனத்தின் அமைப்பை மாற்ற விரும்புவோர் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும். இது வெறும் சடங்கன்று. சாலையில் செல்லும் பிறரின் உயிருக்கும் காப்பு.

ஒரு பொருளை இடம் மாற்றுவது எளிது. ஆனால், அது பழைய இடத்தில் ஓசையின்றிப் பெற்றுவந்த உதவிகளைப் புதிய இடத்தில் நாமே ஏற்படுத்தித் தர வேண்டும். முன்புறத்தில் ரேடியேட்டருக்கு எளிதாகக் கிடைத்த காற்றைப் பின்புறத்தில் திட்டமிட்டே தேடித் தர வேண்டியுள்ளது. அடுத்த முறை பேருந்தின் பின்னாலிருந்து வெப்பக் காற்று வீசினால், முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முன் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தக் காற்று வெளியேற வழி அமைத்த பொறியாளர், இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் விடை கண்டிருக்கிறார்.