பெருவிரலுக்கு 14 சதவீதம்

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தியில் முதலில் வருவது இறந்தவர் எண்ணிக்கை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறக்குறைய 40 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். காயம்பட்டவர்கள் அடுத்த வரியில் மொத்தமாக வருவார்கள். இரண்டு நாள் கழித்து அந்த வரியும் இருக்காது. அச்சங்குளம் விபத்துக்கு மாநில அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சம், பலத்த காயம்பட்டவருக்கு 1 லட்சம் அறிவித்தது. பிரதமர் நிவாரண நிதியிலிருந்து முறையே 2 லட்சம், 50,000. தொகை போதுமா என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். காயம் என்பது அந்த நாளோடு நடந்து முடிந்த ஒன்று, ஒரே தடவையில் காசு கொடுத்துக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்ற எண்ணம் அந்த அறிவிப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதுதான் இந்த வாரத்துப் பேச்சு. அதைச் சொல்ல முகத்தையோ கையையோ விடப் பாதமே பொருத்தமானது. உடம்பில் மிக மெதுவாக ஆறும் இடங்களில் அது ஒன்று.

பட்டாசுக்குள் மருந்து செலுத்துவதும் திரி வைப்பதும் பெரும்பாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. தீப்பிடித்தால் எழுந்து ஓட வேண்டிய தரையிலேயே மருந்துத் தூளும் சிந்திக் கிடக்கும். வெறுங்காலோடுதான் அதன்மேல் ஓட வேண்டும். ஆழமாகப் போகாத தீக்காயம் இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். ஆழமாகப் போனால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் சரிவர வேலை செய்யாது. தினமும் எண்ணெய் தடவாவிட்டால் வறண்டு வெடிக்கும். வெடித்த இடத்தில் செருப்பு வார் உரசினால் மறுபடி புண். காலைத் தொங்கப் போட்டால் சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும். இதயத்திலிருந்து பாதம் அவ்வளவு தொலைவு. கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏறக் கெண்டைக்கால் தசை அசைய வேண்டும், வலிக்கிற காலை யாரும் அசைப்பதில்லை. இதில் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டால் வாரம் மாதமாகும். கட்டு மாற்ற ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிவகாசி அரசு மருத்துவமனைக்குப் போய் வர ஒரு நாள் போய்விடும். கூடப் போகிறவரின் கூலியும் அன்று கிடையாது.

புண் மூடிய பிறகும் வலி ஏன் நிற்பதில்லை? மிக ஆழமான தீக்காயம் முதலில் அவ்வளவாக வலிக்காது, ஏனென்றால் வலியைச் சொல்லும் நரம்பு முனைகளே கருகிவிட்டிருக்கும். அவை திரும்ப முளைக்கும்போதுதான் ஊறலும் எரிச்சலும் ஆரம்பிக்கின்றன. சிலருக்கு அந்த நரம்புகள் ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். போர்வை பட்டாலே கால் பற்றி எரியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் இதைக் கண்டு 1864-லேயே எழுதிவைத்தவர் வைர் மிச்சல் என்ற மருத்துவர். காயம் மூடியிருந்தும் எரிச்சல் தாங்காமல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே திரிந்தவர்கள் அவர்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று தனியாக வகைப்படுத்தி, அதில் காயத்துக்குப் பிந்திய வலிக்கும் ஓர் இடம் கொடுத்தது உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய்ப் பட்டியல். அது நடைமுறைக்கு வந்தது 2022-ல். மருத்துவ உலகமே இவ்வளவு தாமதமாக வந்திருக்கும்போது தொழிலாளர் சட்டத்தை மட்டும் குறை சொல்வதில் நியாயம் குறைவுதான். இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

1923-ல் வந்து 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கால் பெருவிரல் அடிமூட்டோடு போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு. எலும்பில் கொஞ்சம் போனால் 3. மற்ற விரல்களில் ஒன்று அடிமூட்டோடு போனால் 3. ஒரு காலின் எல்லா விரலும் போனால் 20. மாதக் கூலி 15,000 ரூபாய், வயது 40 என்று வைத்துப் போட்டால் பெருவிரலுக்குச் சுமார் 2 லட்சத்து 32 ஆயிரம் வரும். வெட்டுப்பட்டதை எண்ணுவதற்கு இந்த அட்டவணை கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. பத்து விரலும் இருந்து, உள்ளங்கால் முழுக்க வெந்து, அரை மணி நேரம் நிற்க முடியாதவருக்கு அதில் எண் இருக்கவில்லை. சட்டம் அவரை விட்டுவிடவும் இல்லை: அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டு எழுதும் சதவீதமே கணக்கு. ஆக, எல்லாம் அந்த ஒரு தாளில் நிற்கிறது. டிஸ்சார்ஜ் அட்டையில் ‘காயம் ஆறியது’ என்று இருந்தால் முதலாளியின் வக்கீலுக்கு அது போதும்.

வலியை அளக்க முடியாது, அளக்க முடியாததற்குக் காசு கொடுத்தால் எல்லோரும் நொண்டுவார்கள் என்பார்கள். முழுக்க அளக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நரம்பு வலியைக் கண்டுபிடிக்க டிஎன்4 என்று பத்து அம்சங்கள் கொண்ட எளிய வினாப்பட்டியல் இருக்கிறது: எரிகிறதா, ஷாக் அடித்த மாதிரி இருக்கிறதா, ஊசி குத்துகிறதா, மதமதப்பா, ஊறலா என்று போகும். நாலுக்கு ‘ஆம்’ வந்தால் நரம்பு வலி என்று சந்தேகிக்கலாம். சாத்தூர்ப் பட்டாசுத் தொழிலாளிக்கு இந்தச் சொற்களை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது, இரு பாதத்தின் சூட்டிலும் வீக்கத்திலும் என்ன வித்தியாசம் என்பதையெல்லாம் யாரும் நடிக்க முடியாது. தற்காலிக இயலாமைக்கு 1923 சட்டம் தந்தது கூலியில் பாதி, அதுவும் அதிகபட்சம் ஐந்து வருஷம். பீஸ் ரேட்டில் முழுக் கூலி வாங்கக்கூடியவர் பாதிக் கூலிக்காக வருஷக்கணக்கில் நொண்டுவார் என்று நம்புவது கொஞ்சம் சிரமம்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் கால் எதற்கு என்பது இரண்டாவது வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் பலமான வாதம். ஆனால் சம்மணம் போட்டு உட்காரக் கணுக்கால் மடங்க வேண்டும்; தழும்பு இழுத்துக்கொண்ட பாதம் மடங்காது. அதைவிட முக்கியமான விஷயம் பட்டாசு அறையின் அமைப்பிலேயே இருக்கிறது. அறைக்கு இத்தனை பேர்தான், வாசல் ஒன்றுக்கு மேல் வேண்டும், வழியில் பெட்டி அடுக்கக் கூடாது என்ற விதிகளெல்லாம் ஒன்றை நம்பி எழுதப்பட்டவை: பொறி தெறித்த கணத்தில் உள்ளே இருப்பவர் எழுந்து ஓடிவிடுவார். ஓட முடியாத காலோடு ஒருவரைத் திரும்ப மருந்து அறையில் உட்கார வைப்பது, அந்த விதிகளை அவர் ஒருவருக்கு மட்டும் ரத்து செய்வதற்குச் சமம்.

வழி இல்லாமலும் இல்லை. தொழுநோயில் உணர்விழந்த பாதங்கள் ஏன் புண்ணாகிக்கொண்டே இருக்கின்றன என்று வேலூர் சி.எம்.சி.யில் ஆராய்ந்த பால் பிராண்ட் கண்டது, நோயைவிடத் திரும்பத் திரும்ப விழும் எடைதான் புண்ணை ஆறவிடாமல் செய்கிறது என்பதை. எடையைப் பரப்பும் மாவுக்கட்டும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் அங்கே வைத்தியமாயின. அங்கே வலியே தெரியாமல் கால் போயிற்று, இங்கே வலி அடங்காமல் கால் முடங்குகிறது; பாதத்துக்கு வேண்டியது இரண்டிலும் ஒன்றே. சரியான செருப்பும் தழும்பை அழுத்திப் பிடிக்கும் உறையும் விலை மலிவான பொருட்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற மாநில அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவர் இருக்கிறார். தீக்காயப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவரின் பெயரும் அன்றைக்கே அந்தத் திட்டத்தின் பட்டியலுக்குப் போக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இதைப் படிப்பவர் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு கால் இருந்தால் ஒன்று செய்யுங்கள். மூன்றாவது மாதத்தில் மறுபடி மருத்துவரிடம் போய், வலி இன்னும் இருக்கிறது, இத்தனை நிமிஷம்தான் நிற்க முடிகிறது என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீட்டு மனுவுக்கு 1923 சட்டம் வைத்திருந்த கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்.