மண், நீர், நெருப்பு: ஜப்பானிய ‘கான்ஜி’ எழுத்துகளை எங்கிருந்து தொடங்குவது?

செவ்வாய்க்கிழமை நெருப்பு. புதன்கிழமை தண்ணீர். சனிக்கிழமை மண்.

பீங்கான் வேலை தெரிந்த ஒருவரிடம் இந்த மூன்றையும் சொன்னால், ‘சூளைக்குத் தேவையானது அத்தனையும் வந்துடுச்சே’ என்பார். ஜப்பானிய மொழியில் அந்தக் கிழமைகளின் பெயர்களே இவைதான். செவ்வாய் கிரகத்துக்கு நெருப்பு, புதனுக்கு நீர், சனிக்கு மண் என்பது அவர்கள் கணக்கு. ஞாயிறுக்கு சூரியன், திங்களுக்கு நிலா. அந்த இரண்டும் அப்படியே நம் கணக்கு. ஏழு கிழமைக்கும் ஏழு எழுத்துகள். ஏழையும் ஜப்பானியக் குழந்தை 1ஆம் வகுப்பிலேயே எழுதிப் பழகிவிடும்.

இந்த எழுத்துகளுக்குத்தான் ‘கான்ஜி’ என்று பெயர். (கஞ்சி என்று எழுதினால் பசிக்கிறது, காஞ்சி என்று எழுதினால் பட்டுச்சேலை ஞாபகம் வருகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் கான்ஜி என்றே வைத்துக்கொள்வோம்.)

விருத்தாசலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் இருக்கும் மங்கலம்பேட்டைக்கும் ஜப்பானிய எழுத்துக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் டிப்ளமோ கல்வி நிறுவனமும் அங்கே இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு களிமண்ணும் அச்சும் சூளையும் புதிதல்ல.

ஜப்பானில் வேலைக்கு ஆள் பற்றாக்குறை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ‘தோக்குதேய் கினோ’ என்ற குறிப்பிட்ட திறன் விசாவை 2019 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். 2021 ஜனவரியில் இந்தியாவும் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2024 மார்ச்சில் இந்த விசாவுக்கான உற்பத்தித் தொழில்களின் பட்டியலை ஜப்பான் நீட்டியது. புதிதாகச் சேர்ந்தவற்றில் பீங்கான் பொருள் உற்பத்தியும் ஒன்று. வேலைக்கான திறன் தேர்வு தனி. மொழிக்கு, ஜேஎல்பிடி தேர்வில் என்4 நிலை அல்லது ஜேஎஃப்டி பேசிக் தேர்வில் தேர்ச்சி வேண்டும்.

இங்கேதான் கான்ஜி குறுக்கே வந்து நிற்கிறது.

இலக்கணம் நம்ம பக்கம்

ஜப்பானிய மொழி கஷ்டம் என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. பேச்சும் இலக்கணமும் தமிழருக்கு ஆச்சரியப்படும் அளவுக்குச் சுலபமாக வரும். ‘நான் சென்னைக்குப் போகிறேன்’ என்பதை ‘வதாஷி வா சென்னை நி இக்கிமாஸ்’ என்பார்கள். வினைச்சொல் கடைசியில். நம் ‘க்கு’ இருக்கும் இடத்தில் ‘நி’. ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழி படித்தால் தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கும். தமிழில் யோசித்தால் வார்த்தைகளை வரிசையாக அடுக்கினாலே போதும். இந்த ஒற்றுமையை வைத்து, சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் படிப்பவருக்கு அந்த ஒற்றுமை நன்றாகவே உதவுகிறது.

எழுத்திலும் முதல் இரண்டு படிகள் பயமில்லை. ஹிராகானாவில் 46, கதகானாவில் 46 அடிப்படை எழுத்துகள். இரண்டும் ஒலி எழுத்துகள். அவற்றின் வரிசையைப் பாருங்கள்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பௌத்தத் துறவிகள் வழியாகப் போன இந்திய எழுத்து வரிசையின் தாக்கம் அது. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்துக்குள் இரண்டையும் முடித்துவிடலாம்.

அப்புறம் வருவது சுவர்.

2,136: யார் போட்ட கணக்கு?

கான்ஜி சீனாவிலிருந்து போனது. பெரிய அகராதிகளில் பல்லாயிரக்கணக்கான எழுத்துகள் உண்டு. அத்தனையையும் யாரும் படிக்க முடியாது என்பதால் அரசே ஒரு பட்டியல் போட்டது. போர் முடிந்த மறு வருடம், 1946இல், 1,850 எழுத்துகள். 1981இல் அது ‘ஜோயோ கான்ஜி’, அதாவது பொதுப் பயன்பாட்டு கான்ஜி என்ற பெயரில் 1,945 ஆனது. 2010இல் 196 எழுத்துகளைச் சேர்த்து, 5 எழுத்துகளை நீக்கி, 2,136 ஆக்கினார்கள். இன்றும் அதுதான் கணக்கு.

2010இல் சேர்ந்தவற்றில் ஒன்று ஓசாக்கா நகரப் பெயரின் இரண்டாவது எழுத்து. அவ்வளவு பெரிய ஊரின் பெயர் அதுவரை பொதுப் பட்டியலில் முழுசாக இல்லை! இன்னொன்று ‘உத்சு’. மனச்சோர்வைக் குறிக்கும் எழுத்து. மொத்தம் 29 கோடுகள், பட்டியலிலேயே அதிகம். எழுதிப் பார்த்தாலே மனச்சோர்வு வந்துவிடும் போல. இதை எப்படிச் சேர்த்தார்கள் என்றால், காலம் மாறிவிட்டது. கணினியிலும் போனிலும் ஒலியை டைப் செய்தால் எழுத்து தானாக வந்து நிற்கிறது. கையால் எழுத வராவிட்டாலும் பார்த்தால் படிக்கத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

2,136 என்றதும் மலைக்க வேண்டாம். ஜப்பானியப் பிள்ளைகளே தொடக்கப் பள்ளியின் ஆறு வருடத்தில் 1,026 எழுத்துகள்தான் படிக்கிறார்கள். 1ஆம் வகுப்பில் 80, 2இல் 160, 3இல் 200 என்று போகும். என்4 தேர்வுக்கு அதிகாரபூர்வப் பட்டியல் இப்போது கிடையாது. பாடப்புத்தகங்கள் சுமார் 300 எழுத்துகள் என்று வைத்துக்கொள்கின்றன. நாளைக்கு இரண்டு என்றால் 150 நாள். ஐந்து மாதம். ‘மூன்றே மாதத்தில் ஜப்பான்’ என்று போஸ்டர் ஒட்டுபவரிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த வகுத்தல் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

மலையா, கிரியா?

எழுத்தின் எண்ணிக்கையைவிடப் பெரிய தலைவலி, ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்பு. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். தமிழருக்கு இதைப் புரியவைக்க ஓர் உதாரணம் போதும்.

மலைக்கு ஒரு படம் போட்டு எழுதும் வழக்கம் நமக்கும் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? அந்தப் படம் தனியாக வந்தால் ‘மலை’ என்று படித்திருப்போம். நீலகிரியில் வந்தால் ‘கிரி’ என்று படித்திருப்போம். பொருள் ஒன்று, ஒரு சொல் சொந்த மொழியுடையது, இன்னொன்று வெளியிலிருந்து வந்தது. ஜப்பானில் நடப்பதும் இதுதான். மூன்று சிகரம் போல இருக்கும் அந்த எழுத்தைத் தனியாகப் பார்த்தால் ‘யாமா’. ஃபூஜி மலையின் பெயரில் வந்தால் ‘ஃபூஜி-ஸான்’. யாமா அவர்கள் சொந்தச் சொல், ஸான் சீனத்திலிருந்து வந்த ஒலி.

நெருப்பு தனியாக ‘ஹி’, கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் ‘கா’. நெருப்பையும் மலையையும் சேர்த்தால் ‘காஸான்’. பொருள் என்ன? எரிமலை! ‘நுழை’, ‘வாய்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் ‘இரிகுச்சி’, நம் நுழைவாயில். இப்படிச் சேர்த்துப் படிக்கத் தெரிந்த மூளை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

சில இடங்களில் சும்மா ஒப்புக்கொண்டு போக வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை ‘நிச்சியோபி’. அதில் சூரியன் எழுத்து முதலிலும் வரும், கடைசியிலும் வரும். முதலில் ‘நிச்சி’, கடைசியில் ‘பி’. ஒரே சொல்லுக்குள் ஒரே எழுத்துக்கு இரண்டு உச்சரிப்பு. ஏன் என்று கேட்டால் பதில் நீளும். அதனால் ஓர் எழுத்துக்கு உள்ள அத்தனை ஒலியையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பேன். சொல்லாகப் படியுங்கள். இருபது சொல் வந்துவிட்டால் ஒலிகள் தாமாகப் பிடிபடும்.

பிரித்துப் பார்த்தால் பொம்மை அச்சு

கான்ஜியை முழுப் படமாகப் பார்த்தால் புழு நெளிகிற மாதிரி இருக்கும். பிரித்துப் பார்த்தால் அச்சில் வார்த்த பொம்மை மாதிரி. தலை ஓர் அச்சு, உடம்பு ஓர் அச்சு. அதே தலை வேறு உடம்பிலும் வரும்.

இடப்பக்கம் மூன்று துளிகள் இருந்தால் தண்ணீர் சமாசாரம்: கடல், ஏரி, குளம், நீச்சல். இடப்பக்கம் நெருப்பு இருந்தால் விளக்கு, புகை, உலை, சுடுவது. இடப்பக்கம் கல் இருந்தால் மணல், கடினம், தேய்த்து மெருகேற்றுவது. ‘யாக்கிமோனோ’ என்றால் மண்பாண்டம், பீங்கான் எல்லாம் சேர்ந்த பொதுப் பெயர். இரண்டு எழுத்துகளையும் பிரித்தால் ‘சுட்ட’, ‘பொருள்’. சுடுமண் என்று சொல்லும் நமக்கு அதற்கு விளக்கமே வேண்டாம்.

சூளைக்கான எழுத்து இன்னும் அழகு. தனியாக ‘காமா’ என்று படிப்பார்கள். மேலே குகை, நடுவில் ஆடு, கீழே நெருப்பைக் குறிக்கும் நாலு பொட்டு. குகையும் நெருப்பும் சரி, ஆடு எதற்கு? ஒலிக்காக. ஆட்டுக்குச் சீன வழி உச்சரிப்பு ‘யோ’, சூளைக்கும் ‘யோ’தான். கான்ஜியில் பெரும்பாலானவை இப்படித்தான்: ஒரு பகுதி பொருளைச் சொல்லும், இன்னொரு பகுதி ஒலியைக் காட்டிக்கொடுக்கும். முதல் நூறு எழுத்து கஷ்டமாகவும் நானூறாவது எழுத்து சுலபமாகவும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஏமாற்றும் ஜோடிகளும் உண்டு. மண்ணுக்கான எழுத்தில் கீழ்க்கோடு நீளம். மேல்கோட்டை நீளமாகப் போட்டுவிட்டால் அது வீரனைக் குறிக்கும் வேறோர் எழுத்து. இதைத் திரையில் பார்த்தால் மட்டும் பிடிபடாது. ஜேஎல்பிடியில் கையால் எழுதச் சொல்லும் கேள்வி இல்லை, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பது. இருந்தாலும் புதிய எழுத்தை ஐந்து முறையாவது தாளில் எழுதிவிடுவது நல்லது. கோடு போடும் வரிசையும் முக்கியம். தெரியாத எழுத்தை போனில் விரலால் வரைந்து தேடும்போது அந்த வரிசைதான் கைகொடுக்கும்.

மற்றபடி, மறதிக்கு மருந்து இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பது. இன்று படித்ததை நாளை, மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று பார்க்க வேண்டும். ‘அங்கி’ போன்ற இலவச ஆப்கள் இந்தக் கணக்கைத் தாமே வைத்துக்கொள்ளும். மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலத்துக்கு பஸ்ஸில் போய்வரும் நேரம் இதற்குத் தாராளம்.

தேர்வில் வராத எழுத்து, சுவரில் வரும்

இதுவரை சொன்னது தேர்வுக்கு. வேலை இடம் வேறு.

தொழிற்சாலைச் சுவரில் ‘கிக்கென்’ என்று எழுதியிருக்கும். ஆபத்து என்று பொருள். அதன் முதல் எழுத்தை ஜப்பானியப் பிள்ளைகள் படிப்பது 6ஆம் வகுப்பில், இரண்டாவதை 5ஆம் வகுப்பில். என்4 பாடப்புத்தகங்கள் பொதுவாக அந்த இடத்தை எட்டுவதே இல்லை. அதாவது, ‘நூலகத்தில் புத்தகம் படித்தேன்’ என்பதைச் சரியாகப் படித்து விசா வாங்கிய ஒருவர், சூளைக்குப் பக்கத்தில் ‘ஆபத்து’ என்ற பலகையைப் படிக்க முடியாமல் நிற்கலாம். ‘தாச்சிஇரி கின்ஷி’, உள்ளே நுழையத் தடை. இதில் நான்கு எழுத்துகள். ‘நில்’, ‘நுழை’, ‘நிறுத்து’ மூன்றும் 1, 2ஆம் வகுப்புப் பாடம். தடையைக் குறிக்கும் எழுத்து மட்டும் 5ஆம் வகுப்பு. மூன்று தெரிந்து ஒன்று தெரியாமல் போனால், ‘நுழை’ மட்டும்தான் கண்ணில் படும்.

பட்டியலை முழுசாக முடித்தாலும் தொழிலுக்குப் போதாது என்பது இன்னொரு வேடிக்கை. பீங்கானுக்கு மேல் பூசும் கிளேஸுக்கு ஜப்பானியத்தில் ‘யூயாக்கு’. மின்கம்பத்து இன்சுலேட்டருக்கு ‘காய்ஷி’. இரண்டின் முதல் எழுத்துமே அந்த 2,136இல் இல்லை. இன்சுலேட்டரை அதனாலேயே பெரும்பாலும் ஒலி எழுத்தில் எழுதிவிடுகிறார்கள்.

ஆகவே தேர்வுக்கான 300 எழுத்துகளோடு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். கிக்கென் (ஆபத்து), ச்சூய் (கவனம்), கோவோன் (அதிக வெப்பம்), கான்தென் (மின்தாக்கு), காக்கி கென்கின் (நெருப்பு கூடவே கூடாது), தாச்சிஇரி கின்ஷி (நுழையத் தடை), ஹிஜோகுச்சி (அவசர வழி). இவற்றைக் கையால் எழுதத் தெரிய வேண்டியதில்லை, பார்த்ததும் தெரிந்தால் போதும். போனில் இந்தப் பலகைகளின் படங்களைத் தேடிச் சேமித்து, வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஜேஎல்பிடி சென்னையில் ஜூலை, டிசம்பர் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. விண்ணப்பம் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். டிசம்பர் தேர்வு எழுத நினைப்பவர் இந்த ஐந்து மாதக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், ஜூலையில் முதல் எழுத்தைத் தொட்டிருக்க வேண்டும். கானா இரண்டையும் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.