தேர்க்கட்டையும் வால்சக்கரமும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து ஆண்டாளையும் ரங்கமன்னாரையும் பார்ப்பார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கண் கீழேதான் போகும். சக்கரத்தை ஒட்டிக் கட்டையோடு ஓடுகிற ஆட்கள்தான் எனக்கு அதிசயம். வடம் இழுப்பது ஊரே என்றாலும் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்தச் சில பேர் கையில் இருக்கிறது. இடப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது இழுபடும். தேர் இடப்பக்கம் திரும்பும். கட்டை ஒரு கணம் பிந்தினாலும் போச்சு.

வால்சக்கர விமானத்தில் பயிற்சி பெறும் மாணவர் காலால் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான்.

இன்று பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணும் செஸ்னா 172 போன்ற விமானங்களுக்குச் சக்கர அமைப்பு குழந்தையின் நடைவண்டி மாதிரி: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. அதைத் திருப்பிப் போட்டால் வால்சக்கர விமானம். இரண்டு பெரிய சக்கரங்கள் முன்னால், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். மூக்கு வானத்தைப் பார்க்க, வாலை ஊன்றி நிற்கும். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் இந்த ஜாதிதான். அந்தத் தபாலை அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1947இல் ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டகோட்டாவும் வாலை ஊன்றி நின்றதே. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் செய்த எச்.டி.-2, 1951இல் பறந்தது, 1958இல் புஷ்பக். பல ஆண்டுகள் நம் ஃபிளையிங் கிளப் மாணவர்களின் முதல் விமானம் புஷ்பக்தான்.

இந்த விமானத்தின் வம்பு என்னவென்று தெரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டியதில்லை. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி போதும். அதன் பின்சக்கரங்கள் திரும்பாதவை, முன்சக்கரங்கள் எந்தப் பக்கமும் சுழல்பவை. வழக்கம்போல் தள்ளினால் ஒழுங்காகப் போகும். அதையே பின்பக்கம் முன்னால் வரும்படி வேகமாகத் தள்ளிக் கையை விட்டுப் பாருங்கள். சற்றுத் தூரம் போய், வெடுக்கென்று வளைந்து, தலைமாறி நிற்கும். காரணம் எளிது. முதல் விதத்தில் பாரத்தின் மையம் திரும்பாத சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. சாய்ந்தாலும் அந்தச் சக்கரங்கள் பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும். இரண்டாவது விதத்தில் பாரம் பின்னால். சக்கரம் தயங்கினாலும் பாரம் தயங்காது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு முந்தப் பார்க்கும். வளைய வளைய அந்த வேகம் கூடும்.

விமானத்துக்கு இது நேர்ந்தால் கிரவுண்ட் லூப் என்பார்கள். தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுழன்று, ஒரு பக்க இறக்கை தரையில் உரசி, சக்கரக்கால் ஒடிந்து நிற்கும். உயிருக்கு ஆபத்து குறைவு; மானத்துக்கும் பணத்துக்கும் அதிகம்.

என் தேர் உவமை இங்கே பாதிதான் செல்லும் என்று ஒத்துக்கொள்கிறேன். தேருக்குத் திரும்ப மனசில்லை, வால்சக்கர விமானத்துக்கு நேராகப் போக மனசில்லை. ஆனால் கட்டை போடும் நேரம் இரண்டுக்கும் ஒன்று. மூக்கு விலகிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிகிறபோது, வால் சுக்கானைத் திருப்பும் பெடலை மிதித்தால் பிந்திவிட்டது என்று பொருள். விலகப் போகிறது என்று இருக்கையில் உட்கார்ந்த உடம்பு சொல்லும்போதே மிதிக்க வேண்டும். மிதித்த கால் உடனே விடவும் வேண்டும். இல்லாவிட்டால் மறுபக்கம் ஓடும்.

கிளம்பும்போதே சோதனை ஆரம்பம். மூக்கு தூக்கி நிற்பதால் பல விமானங்களில் எதிரே ஓடுதளம் தெரியாது. பாம்பு போல் வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் போக வேண்டும். வேகம் கூடியதும் வாலைத் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் சுழலும் பம்பரத்தின் குணம் காற்றாடிக்கு வருகிறது. சுழல்வதைச் சாய்த்தால், சாய்த்த திசையில் போகாமல் செங்குத்தாக வேறொரு பக்கம் இழுக்கும். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கக் காற்றாடி வலஞ்சுழியாகச் சுற்றினால் மூக்கு இடப்பக்கம் ஓடும். புஷ்பக் அப்படி. பழைய டைகர் மாத்தின் எஞ்சின் இடஞ்சுழி. அது வலப்பக்கம் ஓடும். டைகர் மாத்தில் பழகிவிட்டுப் புஷ்பக்கில் ஏறியவர் தன் கால்களுக்கு மறுபடி பாடம் எடுத்திருப்பார்.

இறங்குவதுதான் பெரிய கதை. சக்கரங்கள் தரையில் சற்று வேகமாக மோதினால், பின்னால் இருக்கும் பாரம் வாலைக் கீழே தள்ளும். வால் தாழ்ந்தால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். கோணம் கூடினால் தூக்கு விசை. இறங்கிவிட்டோம் என்று நினைத்த விமானம் மறுபடி எழும்பிவிடும். முன்சக்கர விமானத்தில் இதே மோதல் மூக்கைத் தாழ்த்தி விமானத்தைத் தரையில் உட்கார வைத்துவிடும். மாணவரின் தவறை விமானமே மன்னித்துவிடும். வால்சக்கரம் மன்னிக்காது. அதனால் தரைக்குச் சற்று மேலே விமானத்தை இறக்காமல் பிடித்து, பிடித்து, இனிப் பறக்கத் தெம்பில்லை என்ற கணத்தில் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும்படி விட வேண்டும்.

தொட்டதும் முடியவில்லை. வால் சுக்கான் வேலை செய்வது காற்றின் வேகத்தால். வேகம் பாதியானால் அதன் பலம் கால்வாசி ஆகிவிடும். ஆக, விமானம் மெதுவாகிக்கொண்டே வரும் கடைசிச் சில விநாடிகளில் சுக்கான் கைவிட்டுவிட்டது, ஆனால் வளையப் போதுமான வேகம் மட்டும் மிச்சம். அப்போது வால்சக்கரமும், இருந்தால், இடம் வலம் தனித்தனியாக அழுத்தும் பிரேக்கும்தான் துணை. இடப்பக்கம் அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். தேர்க்கட்டையேதான்.

இதோடு காற்றையும் சேருங்கள். ஆடியில் மலையைத் தாண்டி ராஜபாளையத்து மேல் இறங்கும் மேலக்காற்று எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் அது நேர் எதிரே வரும், நல்லதுதான். காற்று 30 பாகை விலகிவிட்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் 15 கிலோமீட்டர் பக்கவாட்டில் அடிக்கும். உயரமான வால் அதைப் பாய்மரம் போல் வாங்கும். மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பும், காற்றுக்காட்டி போல.

முன்னோர் இப்படி ஒரு வம்பை ஏன் வைத்துக்கொண்டார்கள்? அவர்களுடைய விமான நிலையம் பெரும்பாலும் ஒரு புல்வெளி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து இறங்கலாம். குண்டும் குழியுமான தரையில் காற்றாடி உயரத்தில் இருப்பது பாதுகாப்பு. குட்டி வால்சக்கரம் எடையும் குறைவு. கான்கிரீட் ஓடுதளம் வந்த பிறகு திசை நிலைத்துவிட்டது, பக்கக்காற்றைத் தவிர்க்க வழியில்லை. செஸ்னா நிறுவனம் தன் வால்சக்கர 170க்கு முன்சக்கரம் மாட்டி 1956இல் 172 ஆக விற்றது; அதோடு பழைய ஜாதியின் காலம் ஒடுங்கியது. அமெரிக்காவில் 1991 முதல் வால்சக்கரம் ஓட்டத் தனிப் பயிற்சியும் பயிற்றுநர் கையெழுத்தும் வேண்டும். நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்கும் மாணவர் பலருக்கு வாலை ஊன்றி நிற்கும் விமானத்தில் ஒரு மணி நேரம்கூட அமையாமல் போகலாம். அது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். விமான நிறுவனங்கள் அப்படி நினைக்கக் காரணமில்லை.

டைகர் மாத்துக்கு பிரேக்கே கிடையாது. எஞ்சினைக் கிளப்பும் முன் சக்கரங்களுக்கு முன்னால் மரக்கட்டை வைப்பார்கள். பறந்து வந்து நின்று, எஞ்சின் அடங்கியதும் மறுபடி கட்டை. தேர் நிலைக்கு வந்ததும் எங்கள் ஊரில் வைக்கிற மாதிரியே. அந்தக் கட்டை வைக்கப்படும்வரை மாணவர் பெடலிலிருந்து காலை எடுக்கக் கூடாது.