பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் காலனிப் பிள்ளைகள் கேட்பது, 'எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும்?' என்றுதான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டில் முன்பு படித்தவர் இல்லாதபோது யாரிடம் கேட்பது? அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று அருகிலேயே அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டன. வழிகாட்டத்தான் ஆள் இல்லை.

உதாரணம் சொல்கிறோம். பி.ஏ. வரலாறு படித்த பெண், ஆசிரியர் ஆகும் ஆசையில் எம்.ஏ. தமிழ் சேர்கிறார். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்கிறது, பட்டமும் தருகிறது. பி.எட். முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும். அந்தப் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ, இணையான பாடத்திலோ இருக்க வேண்டும். 'கிராஸ் மேஜர்' என்று தள்ளிவிடுவார்கள். அதே பெண் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வைத் தமிழில் எழுதலாம். அங்கே முதுகலைப் பாடத்தைத்தான் பார்க்கிறார்கள். பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50 சதவீதம் போதும். ஒரே சான்றிதழ்தான், ஒரு வாசலில் செல்லும், இன்னொன்றில் செல்லாது.

பட்டத்தின் பெயரும் இப்படித்தான் காலை வாரும். கல்லூரிகள் ஆள் சேர்ப்பதற்காகப் புதுப்புதுப் பெயர்களில் பாடங்களைத் தொடங்குகின்றன. அவை பழைய பட்டத்துக்கு இணை என்று அரசாணை வந்தால்தான் அரசுப் பணியில் ஏற்பார்கள். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பார்த்துப் பரிந்துரைத்த பிறகே அந்த ஆணை வரும். இணையல்ல என்று வந்த ஆணைகளும் உண்டு. இதில் பிள்ளையின் தவறு என்ன இருக்கிறது? பாடத்தை நடத்த அனுமதித்துவிட்டு, மூன்று வருடம் கழித்துச் செல்லாது என்பது நியாயமில்லை என்பதே நம் கருத்து.

பி.காம். படிப்பவர்கள் கவனிக்க: தமிழ்நாட்டில் வணிகவியல், பொருளியல் படித்தவர்கள் இளங்கலையோடு பி.எட். சேர முடியாது, முதுகலையும் வேண்டும். எம்.சி.ஏ. போக நினைக்கும் பி.ஏ., பி.காம். மாணவர்கள் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருப்பது நல்லது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது. வேதியியல் மாணவர்கள் கணிதத்தைத் துணைப்பாடமாக எடுத்திருந்தால் நல்லது, சில இடங்களில் கேட்கிறார்கள்.

ஆராய்ச்சி விஷயத்தில் 2022-ல் யு.ஜி.சி. விதி மாறியது. நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தால் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்குத் தகுதி உண்டு. நம் பிள்ளைகளுக்கு 5 சதவீதத் தளர்வு. இங்குள்ள கலைக்கல்லூரிகளில் பெரும்பாலும் மூன்று வருடப் பட்டம்தான். ஆகவே நமக்கு எம்.ஏ., எம்.எஸ்சி. வழியே கதி. வெளிநாட்டிலும் இந்த வருடக் கணக்கு உண்டு. பிரிட்டனில் மூன்று வருடப் பட்டத்தோடு முதுகலை சேரலாம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நான்கு வருடம் கேட்கும். அண்ணல் அம்பேத்கர் 1912-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் அரசியலும் படித்து பி.ஏ. வாங்கினார். அதை வைத்தே பரோடா உதவித்தொகையில் கொலம்பியா சென்று 1915-ல் எம்.ஏ. முடித்தார்.

பணமும் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் இளங்கலை வரைதான். முதுகலையில் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வேறு வழி தேட வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் வரை.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது சிறியது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இந்த இணைத்தன்மை ஆணைகளின் பட்டியலைத் தமிழில் அச்சடித்து, கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் முன்பே ஒட்டி வையுங்கள்.